12 வருஷமா வாசலைத் தாண்டிப் போறேன், உள்ளே போனதில்லை: சோழமண்டலம், கூத்து, நாடகம் பத்தி ஒரு பேச்சு

கிழக்குக்கரை | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம் மக்களே. நான் இஞ்சம்பாக்கம். இங்கே குடி வந்து 12 வருஷம் ஆச்சு. ஆபீஸ் போக, வர, தினம் ரெண்டு தடவை ஈசிஆர்ல சோழமண்டலம் ஓவியர் கிராமத்து வாசலைத் தாண்டுறேன். ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. மரம், சிலை, அமைதி எல்லாம் சேர்ந்து ஏதோ கிளப் மாதிரி தெரியும். மெம்பரா இருந்தாதான் விடுவாங்கன்னு நானா முடிவு பண்ணிட்டேன். யாரும் என்னை வரக்கூடாதுன்னு சொன்னதே இல்லை, அதான் வேடிக்கை.

இன்னிக்கு மதியம் பொண்ணை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வரும்போது செம மழை. வண்டியை ஓரங்கட்டி அந்தச் சுவரோரமா ஒண்டி நின்னோம். வாட்ச்மேன் பார்த்துட்டு, "பாப்பா நனையுது பாருங்க, உள்ள வந்து நில்லுங்க சார்"ன்னார். அப்படித்தான் போனோம். மியூசியத்துக்குள்ள நாங்க ரெண்டு பேர், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, ஃபேனுக்கு அடியில ஒரு காதல் ஜோடி. வேற ஈ காக்கா இல்லை.

ஒரு படத்து முன்னாடி என் பொண்ணு நின்னுட்டா. எட்டாவது படிக்கிறா. "அப்பா, இது தாத்தா வெச்சிருக்கிற ஜாதக நோட்டு மாதிரி இருக்கு"ன்னா. கிட்டப் போய்ப் பார்த்தேன். கட்டம் கட்டமா இருக்கு. எழுத்து மாதிரி இருக்கு, ஆனா படிக்க முடியலை. கணக்கு மாதிரி இருக்கு, கூட்டினா வராது. ஓரத்துல மீன் மாதிரி என்னமோ. கே.சி.எஸ். பணிக்கர்னு கீழே போட்டிருந்தது. நான் மழை விட்டுச்சா, வண்டி நனையுதான்னு வெளியே எட்டிப் பார்த்துட்டே இருக்கேன், அவ பத்து நிமிஷம் அங்கேயே நிக்கிறா.

கேள்வி இதுதான். மால் வாசல்ல பையைத் திறந்து காட்டச் சொல்றான், கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டச் சொல்றான், அங்கெல்லாம் எனக்குக் கூச்சமே இல்லை. இங்கே ஒருத்தனும் ஒண்ணும் கேட்கலை, ஆனா 12 வருஷம் கால் எடுத்து வைக்கலை. உங்க ஊர்ல கலைக்கூடம், நாடக அரங்கம் இருந்தா நீங்க போறீங்களா? போகலைன்னா ஏன்?


மூணாம்வரிசை | ஞாயிறு, இரவு 10.05

காரணம் சிம்பிள். கேன்டீன். மார்கழியில சபாவுக்குப் போற கூட்டத்துல பாதி கீரை வடைக்குப் போகுது. ஓவியக் கண்காட்சியில என்ன தர்றாங்க? திறப்பு விழா அன்னிக்கு ஒரு சமோசா, பேப்பர் கப்புல டீ. மறுநாள் போனா அதுவும் இல்லை.


கரித்துண்டு | திங்கள், காலை 6.20

தம்பி கிழக்குக்கரை, உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன், எழும்பூர் கலைக் கல்லூரியில் எழுபதுகளில் படித்தவன். அவள் சொன்னது சரி. பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் அது. ஜாதகக் கட்டம், தாயத்துத் தகடு, கணக்கு நோட்டு, மலையாள எழுத்தின் சாயல் எல்லாம் அதில் கலந்திருக்கும். படிப்பதற்காக எழுதியது அல்ல. எழுத்து என்பதே பார்க்க எவ்வளவு அழகு என்று காட்டுவதற்காக எழுதியது.

அந்த இடத்தின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், கிளப் என்ற எண்ணம் போய்விடும்.

1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் கவின்கலைக் கல்லூரி அதுதான். தேவி பிரசாத் ராய் சௌத்ரி நெடுங்காலம் அதன் முதல்வர். மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்புகிறார்களே, அந்த உழைப்பாளர் சிலை அவர் கைவேலை. அவருக்குப் பிறகு 1957ல் முதல்வராக வந்தவர் பணிக்கர்.

பணிக்கருக்கு ஒரு கவலை. மாணவர்கள் ஐந்தாறு வருடம் அருமையாக வரைவார்கள், படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக எங்காவது கிளார்க் வேலைக்குப் போய்விடுவார்கள். தூரிகை பரணுக்குப் போய்விடும். அதனால் கைவினைப் பொருள் செய்து விற்றுச் சாப்பிடுவோம், மிச்ச நேரத்தில் வரைவோம் என்று ஒரு யோசனை பிறந்தது. துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலைதான் முதலில் கை கொடுத்தது. அதில் வந்த பணத்தைப் போட்டு 1966ல் இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். அப்போது அது ஊருக்கு வெளியே, மணலும் சவுக்குத் தோப்பும். சைக்கிளில் போனால் கடற்காற்று முகத்தில் அறையும். குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரசாங்கம் கட்டிக் கொடுத்ததல்ல, பணக்காரர் யாரும் தானம் செய்ததுமல்ல. மெழுகும் சாயமும் கட்டிய ஊர் தம்பி அது.

அங்கே இருந்தவர்களில் கே. ராமானுஜம் என்று ஒருவர். பேச்சு குறைவு. பேனாவும் மையும் வைத்துக்கொண்டு கனவு மாளிகைகளாக வரைவார். அந்த மாளிகைகளுக்குள் தொப்பி போட்ட ஓர் ஆள் நடமாடுவான், அது அவரேதான். 1973ல் சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்தக் கோடுகளை நேரில் பார்த்தால்தான் தெரியும், அச்சில் பாதி செத்துவிடும்.


விளக்குக்காரன் | திங்கள், காலை 11.15

படம் பார்க்க ஆள் வரலைன்னு வருத்தப்படுறீங்க. நாடகத்துக்கு வாங்க, இன்னும் மோசம். நான் நாடகத்துக்கு லைட் போடுறவன், 15 வருஷமா. 'ஹவுஸ்ஃபுல்'னு நாங்க சொல்ற ராத்திரியில எண்ணிப் பார்த்தா பாதிப்பேர் நடிகனோட மாமா, சித்தி, காலேஜ் ஃப்ரெண்டு. முகம் தெரியாத ஆள் ஒருத்தர் டிக்கெட் வாங்கிட்டு வந்து உட்கார்ந்தா அன்னிக்கு எங்களுக்குத் தீபாவளி.

வாசல் கூச்சம் பார்க்கிறவனுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. எங்களுக்கும் உண்டு. ஒரு அரங்கம் (பேர் வேண்டாம்), சாயங்காலம் 7 மணிக்கு ஷோ. வாடகை காலையில இருந்துன்னு பேச்சு. ஆனா மேனேஜர் வந்து கதவைத் திறந்தது மதியம் 2 மணிக்கு. 12 பார் லைட், ஒவ்வொண்ணும் ஆயிரம் வாட். கணக்குப் போட்டுப் பாருங்க, எல்லாம் சேர்ந்து எரிஞ்சா 50 ஆம்பியர் தாண்டும். மூணு ஃபேஸ்லயும் பிரிச்சுக் கொடுங்கன்னு கையைப் பிடிச்சுக் கேட்டேன். "போன வாரம் கல்யாண ரிசப்ஷனுக்கு இதே லைன்தான், ஒண்ணும் ஆகலை"ன்னார். ரெண்டாவது காட்சி, அம்மா செத்துக் கிடக்கா, மகன் குனிஞ்சு முகத்தைப் பார்க்கிறான், டப்புனு மொத்தமும் இருட்டு. ட்ரிப். ஜனங்க அதையும் நாடகம்னு நினைச்சு கை தட்டினாங்க! அந்தப் பையன் அசையவே இல்லை. நாலு நிமிஷம். நான் மெயின் போர்டுக்கு ஓடி எல்லாத்தையும் மாத்தி ஏத்தின பிறகு வெளிச்சம் வந்தா, அவன் அதே குனிஞ்ச நிலையில இருக்கான்.

எழும்பூர் மியூசியம் தியேட்டர் தெரியுமா? 1896ல கட்டினது, ஹென்றி இர்வின் வடிவமைப்பு. அரைவட்டமா படிப்படியா உட்கார்ற இடம், மேடைக்கு முன்னால வாத்தியக்காரங்களுக்குக் குழி. கடைசிப் படியில இருக்கிறவனுக்கும் மைக் இல்லாம முணுமுணுப்பு கேட்கும். அங்கே வேலை செய்யணும்னா எனக்கு இப்பவும் கை பரபரக்கும். அதுக்கப்புறம் கட்டின பல ஹால், மேடைப் பேச்சுக்கும் பரிசளிப்புக்கும் கட்டினது. நாடகக்காரன் அதுல வாடகைக்குக் குடியிருக்கிறான்.


முகவீணை | திங்கள், மதியம் 1.50

எனக்குச் செய்யாறு பக்கம். வாசல் வாசல்னு பேசிக்கிறீங்க, சிரிப்பா வருது. எங்க ஊர்க் கூத்துக்கு வாசலே கிடையாது.

ரெண்டு கம்பம் நட்டா களரி. பின்னாடி ஒரு பெஞ்சு. பெஞ்சுக்குப் பின்னால ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு பத்து மணிக்கு மேல பாயும் போர்வையும் எடுத்துக்கிட்டு ஜனம் வரும். புள்ளைங்க முன்னாடி, கெழவிங்க அதுக்குப் பின்னாடி, பீடி குடிக்கிற கும்பல் ஓரமா. தூக்கம் வந்தா அங்கேயே படுக்கலாம். துரியோதனன் வரும்போது அம்மா தட்டி எழுப்பும். எவனும் "சைலன்ஸ் ப்ளீஸ்"னு சொல்ல மாட்டான்.

வேஷம் வர்ற விதத்தைச் சொல்லணும். ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடிச்சிருப்பாங்க. வேஷக்காரர் துணிக்குப் பின்னால நின்னு பாடுவார். மேல கிரீடத்து நுனி மட்டும் தெரியும், கீழ சலங்கை கட்டின காலு. பாட்டு ஏற ஏறத் துணி ஆடும். கட்டியக்காரன் வெளியே நின்னுக்கிட்டு, யாருய்யா நீ, எந்த ஊரு, சத்தம் போடாம வெளிய வான்னு நக்கல் அடிப்பான். கால் மணி நேரம் இழுத்துட்டுத்தான் துணி விலகும். அந்தக் கிரீடமும் தோள்ல கட்டுற புஜகீர்த்தியும் கல்யாண முருங்கை மரத்துல செதுக்கினது, இல்லாட்டி அந்தக் கனத்தோட விடிய விடியக் கிறுக்கி அடிச்சு (சுத்திச் சுத்தி வந்து) ஆட முடியுமா? மேல கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டியிருக்கும். கேஸ் லைட் காலத்துல அது மினுங்கினதை எங்கப்பா சொல்லிச் சொல்லி மாளாது.

திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் படிச்சா கடைசி நாள் படுகளம். மண்ணுல துரியோதனனை மல்லாக்கப் படுக்கிற மாதிரி பெருசா செஞ்சிருப்பாங்க. பீமன் வந்து தொடையில அடிப்பான். முடிஞ்சதும் அந்த மண்ணை ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. கண்காட்சியில வெச்ச சிலையை எவனாவது பிட்டு எடுத்துட்டுப் போக முடியுமா?

ஒரு குறையும் சொல்லிடறேன். எங்க ஜமாவை (கூத்துக் குழுவை) ஒரு கலை மையத்துல ஆடக் கூப்பிட்டாங்க. பேர் சொல்ல மாட்டேன். 45 நிமிஷம்னாங்க. முகம் எழுதி, அந்தக் கிரீடம் புஜகீர்த்திக் கட்டையெல்லாம் கட்டி முடிக்கவே ரெண்டு மணி நேரம் ஆகும் சாமி. திரைப்பாட்டு முடிஞ்சு துணி விலகும்போது ஓரத்துல ஒரு அம்மா கடிகாரத்தைக் காட்டுது. ஏசி வேற. எங்க வாத்தியார் 70 வயசு, வேர்க்காம ஆடினது வாழ்க்கையிலேயே அன்னிக்குத்தான்னார்.


மட்டுநகரான் | திங்கள், இரவு 11.30

முகவீணை அண்ணைக்கு வணக்கம். நான் மட்டக்களப்பில பிறந்தனான், இப்ப இருக்கிறது டொராண்டோவில. நீங்கள் சொன்னதை வாசிக்க எங்கட ஊர் ஞாபகம் வந்திட்டுது.

எங்கட பக்கம் கூத்து வட்டக்களரியில. நாலு பக்கமும் சனம், நடுவில ஆட்டம். முன்னுக்குப் பின்னுக்கு எண்டு ஒண்டும் இல்லை. கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தோட நடுவில நிப்பார். பழகத் துவங்கினால் மாதக்கணக்காப் போகும். சட்டம் கொடுக்கிறது (ஆளாளுக்குப் பாத்திரம் பிரிச்சுக் குடுக்கிறது), சதங்கை அணியிறது, அடுக்குப் பார்க்கிறது (முழுக்க ஒருக்கா ஆடிப் பார்க்கிறது), கடைசியா அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிஞ்ச பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவினம். யோசிச்சுப் பாருங்கோ, பார்க்கிற ஆள் வாசல் தாண்ட வேணாம், கூத்து உங்கட வாசலுக்கு வரும்.

நேரத்தைக் குறைக்கிறது பற்றி: 1960களில பேராதனைப் பல்கலைக்கழகத்தில பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதே வேலையைச் செய்தவர். விடிய விடிய ஆடின கூத்தை ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள கொண்டுவந்து, வட்டக்களரியில இருந்து, ஒரு பக்கத்தால மட்டும் சனம் பார்க்கிற படச்சட்ட மேடைக்கு ஏத்தினவர். ஊர் அண்ணாவிமாரைக் கூட்டிவந்து மாணவருக்குப் பழக்கினவர். அப்பிடி ஆடின மாணவரில ஒருத்தர்தான் பிறகு பேராசிரியரான மௌனகுரு. கூத்தைக் கெடுத்துப்போட்டார் எண்டு ஏசின ஆக்களும் இருந்தவை. ஆனா, படிச்ச ஆக்கள் கூத்தை நாட்டுப்புறத்தாற்ர விசயம் எண்டு தள்ளி வைச்சிருந்த காலத்தில அதைத் திரும்பிப் பார்க்க வைச்சது அந்த மேடைதான். அதால குறுக்கிறது பிழை எண்டு நான் சொல்லமாட்டன். ஆர் குறுக்கிறது எண்டதுதான் கேள்வி. ஆடத் தெரிஞ்ச அண்ணாவியார் கூட இருந்து குறுக்கினால் ஒரு விதம். கடிகாரத்தைக் காட்டிக் குறுக்கினால் வேற விதம்.


முகவீணை | செவ்வாய், காலை 7.10

சரியாச் சொன்னீங்க அண்ணே. எங்க வாத்தியாருக்குப் படிச்சுக் காட்டினேன். "யாரு குறுக்கிறது"ன்றதை ரெண்டு தடவை கேட்டுக்கிட்டார்.

எங்க பக்கத்துலயும் நல்லது நடந்திருக்கு, மறைக்கக் கூடாது. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைக்கும் மெட்ராஸ் நாடகக்காரங்களுக்கும் ரொம்ப நாள் உறவு. 1977ல கூத்துப்பட்டறை தொடங்கின ந. முத்துசாமி ஐயா புரிசைக் கூத்துல கிறங்கிப்போய்த்தான் இந்தப் பக்கமே வந்தார். அவர் பட்டறையில இருந்து வந்தவங்கதான் பசுபதி, விஜய் சேதுபதி எல்லாம். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்துச் சங்கம் பொம்பளப் புள்ளைங்களுக்கும் கூத்து சொல்லிக் கொடுத்து ஆட வெச்சாங்க. ஆம்பளையே பொம்பள வேஷம் கட்டின கலையில, ஒரு பொண்ணு துரியோதனன் கட்டிட்டு கிறுக்கி அடிக்கிறதை நான் கண்ணால பார்த்தேன். முதல்ல என்னமோ மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்துல மறந்துபோச்சு, துரியோதனன்தான் தெரிஞ்சான்.


நேர்பேச்சு | செவ்வாய், காலை 10.25

எல்லாரும் கண்ணீர் விடுறீங்க, நான் உடைச்சுச் சொல்றேன். கூத்து புரியுது, நாடகம் புரியுது. மாடர்ன் ஆர்ட் புரியலை. புரியாத இடத்துக்கு எதுக்கு லீவு நாளைச் செலவு பண்ணணும்? படத்துக்குக் கீழே "பெயரிடப்படாதது, கேன்வாஸில் ஆக்ரிலிக்"னு போட்டா நான் என்ன தெரிஞ்சுக்கிறது? அதுவும் இங்கிலீஷ்ல.


கரித்துண்டு | செவ்வாய், காலை 10.50

உங்கள் வீட்டு வாசலில் சிக்குக் கோலம் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று என்றைக்காவது கேட்டீர்களா? இழை எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று கண் தானாகப் போகும். அவ்வளவுதான்.


நேர்பேச்சு | செவ்வாய், காலை 10.58

ஐயா, கோலம் எங்கம்மா போடுறாங்க. ரெண்டு லட்சம் விலை சொல்றதில்லை. சாயங்காலம் மிதிச்சுட்டுப் போறோம்.


விளக்குக்காரன் | செவ்வாய், காலை 11.20

ஹா ஹா. கரித்துண்டு ஐயா, இந்த ரவுண்டு நேர்பேச்சுக்கு.


அகல்விளக்கு | செவ்வாய், மதியம் 3.15

ரெண்டு நாளா படிச்சிட்டிருக்கேன். நேர்பேச்சு சொன்ன இங்கிலீஷ் விஷயத்தை யாரும் தொடலை, அதான் எழுத வந்தேன். நான் ஒரு கேலரியில ரெண்டு வருஷம் வரவேற்புல உட்கார்ந்தவ. இடம் பேர் வேண்டாம்.

உள்ளே வர்றவங்க முதல்ல பார்க்கிறது படத்தை இல்லை, என்னைத்தான். நான் இங்கிலீஷ்ல "ஹலோ"ன்னா பாதிப்பேர் "சும்மா பார்க்கத்தான் வந்தோம்"னு மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்வாங்க. "வாங்க, மேல ஃபேன் இருக்கு, உட்கார்ந்து பாருங்க"ன்னா தோள் இறங்கும். ஒரு நாள் பக்கத்துத் தெரு இஸ்திரிக்காரர் எங்க திரைச்சீலையைத் தேய்ச்சுக் கொண்டுவந்தார். உலோகத்துல செஞ்ச ஒரு சிற்பத்தைச் சுத்திச் சுத்தி வந்து, "இது பத்தவெச்ச இடம் தெரியுதும்மா, ஆனா ராவியிருக்கான் பாரு, நல்ல கைக்காரன்"னார். அன்னிக்குக் காலையில வந்த விமர்சகர் அந்தச் சிற்பத்தை ஏறிட்டே பார்க்கலை.

இஸ்திரிக்காரருக்குக் குறிப்பேட்டுல எழுதத் தயக்கம். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்னேன். வேண்டாம்மா, பெரியவங்க எழுதுற நோட்டுன்னார். படத்துக்குக் கீழே தமிழ்ல ரெண்டு வரி போடலாமேன்னு நிர்வாகத்துல கேட்டதுக்கு, வாங்குறவங்க யாரும் தமிழ்ல படிக்க மாட்டாங்கன்னு பதில். எனக்கு அதுக்கு மேல பேச வரலை.

முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் புள்ளைங்களோட போயிருக்கீங்களா? 1996 டிசம்பர்ல திறந்தது. பழைய வீடுகளை அந்தந்த ஊர்ல இருந்து பிரிச்சுக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்காங்க. செட்டிநாட்டு வீடு, கேரளத்துக் கிறிஸ்தவர் வீடு, கர்நாடக நெசவுக்காரர் வீடு. லாரி பேக்கர் வடிவமைப்புல வந்த இடம். அங்கே சின்னதா ஓவியக் கேலரியும் உண்டு, வார விடுமுறையில ஆட்டபாட்டமும் உண்டு. ஆனா என் பையன் நின்ன இடம் குயவர் சக்கரம். மண்ணைக் கையில கொடுத்தாங்க. கோணல் மாணலா ஒரு அகல் செஞ்சான். அதான் என் பேர் இங்கே. திண்ணையில உட்கார்ந்துட்டு வந்ததால, பக்கத்துல மாட்டியிருந்த ஓவியத்தைப் பார்க்கவும் அவனுக்குப் பயம் வரலைன்னு நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை லீவு, மத்த நாள் போங்க.


கரித்துண்டு | செவ்வாய், மாலை 5.40

அகல்விளக்கு அம்மா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். நேர்பேச்சுத் தம்பி, கோல விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். விலை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சட்டம், கேன்வாஸ், சாயம், வாடகை, விற்றால் கேலரிக்குப் பங்கு எல்லாம் போக, விற்றதற்கு அடையாளமாக ஓரத்தில் ஒட்டும் சிவப்புப் பொட்டு ஒட்டாமல் திரும்பி வந்த படங்கள் என் வீட்டுப் பரணில் 40க்கு மேல் இருக்கின்றன. ரெண்டு லட்சம் சொல்பவர் நூற்றில் ஒருவர்.

மாட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. படத்தின் நடு மையம் தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும், நிற்பவரின் கண் மட்டத்துக்கு. நாங்கள் மாணவர் கண்காட்சிக்கு நைலான் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை வைத்து மட்டம் பார்ப்போம். ஒரு முறை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், எல்லோரும் அண்ணாந்தே பார்த்தார்கள். மறுநாள் நானும் இன்னொருவனும் அத்தனை படத்தையும் ஒரு சாண் இறக்கினோம். அதைத்தான் நான் செய்த ஒரே புரட்சி என்பேன்.

நாடகக்காரர்களுக்கு ஒரு செய்தி. 1980ல் வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னை வந்து ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? இதே சோழமண்டலத்தில். மேடை வேண்டாம், திரை வேண்டாம், விளக்கு வேண்டாம், நடிகன் உடம்பும் எதிரே ஜனமும் போதும் என்றார். இங்கே வீதி நாடகத்துக்கு அது பெரிய உந்துதல். பணிக்கர் அதைப் பார்க்க இல்லை, 1977லேயே போய்விட்டார். ஆனால் அவர் நட்ட இடத்தில் நடந்தது. ஓவியம் தனி, நாடகம் தனி என்று அன்றைக்கு யாரும் வேலி போடவில்லை.


விளக்குக்காரன் | செவ்வாய், மாலை 6.30

விளக்கு வேண்டாம்னு சொன்ன ஆளை எனக்கு ஞாபகப்படுத்துறீங்களே ஐயா! எங்க குரு அடிக்கடி சொல்லுவார், பாதல் சர்க்காரால எனக்குப் பத்து வருஷம் பொழப்பு போச்சுன்னு. சிரிச்சிட்டேதான் சொல்லுவார்.


நேர்பேச்சு | செவ்வாய், இரவு 8.15

ஒரு சாண் இறக்கின கதைக்கு ஐயாவுக்கு ஒரு சல்யூட். அகல்விளக்கு மேடம் சொன்ன இஸ்திரிக்காரர் மாதிரி ஒருத்தர் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்தா நானும் வருவேன். பலகையில ஒட்டியிருக்கிற கட்டுரையைப் படிக்க வர மாட்டேன்.


கிழக்குக்கரை | செவ்வாய், இரவு 9.50

நான் மழைக்கு ஒதுங்கினதை எழுதப்போய் எங்கேயோ போயிடுச்சு பேச்சு. சந்தோஷம். ஒரு யோசனை. வர்ற ஞாயிறு காலை 10 மணிக்கு சோழமண்டலம் வாசல்ல சந்திப்போமா? கரித்துண்டு ஐயா வந்தா நேர்பேச்சுக்குப் பக்கத்துல நிக்க ஆள் கிடைச்சாச்சு. முடிச்சுட்டு அப்படியே முட்டுக்காடு. என் பொண்ணு இன்னொரு தடவை அந்த ஜாதகப் படத்தைப் பார்க்கணும்னு சொல்லிட்டா. அவளே ஒரு நோட்டுல கட்டம் போட்டு என்னமோ எழுதியிருக்கா. என்னடி எழுதியிருக்கேன்னா, "படிக்கக் கூடாதுப்பா, பார்க்கணும்"ன்னு பதில் வருது.


கரித்துண்டு | புதன், காலை 6.05

வருகிறேன். மூட்டு வலி, மெதுவாகத்தான் நடப்பேன். அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.


அகல்விளக்கு | புதன், காலை 9.20

நாங்க மூணு பேர். புளிசாதம் என் பொறுப்பு, மூணாம்வரிசைக்குக் கேன்டீன் குறை வேண்டாம்.


மூணாம்வரிசை | புதன், காலை 9.22

வடை?


முகவீணை | புதன், மதியம் 12.40

ஞாயிறு எனக்கு ஆட்டம் இருக்கு, வர முடியாது. சித்திரையில பாரதம் வைக்கும்போது எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. பாய் கொண்டுவாங்க. விளக்குக்காரன் தம்பி, ஃபேஸ் பிரச்சினையெல்லாம் இல்லை, ஜெனரேட்டர்.


நெறியாளர் | புதன், மாலை 4.00

நல்ல இழை. சந்திப்பு விவரம், போன் நம்பர் எல்லாம் தனிமடலில் பேசிக்கொள்ளவும். பொதுவில் போடவேண்டாம்.


ஓரமாநின்னவன் | அடுத்த செவ்வாய், காலை 11.35

முதல் பதிவு எழுதறேன், இத்தனை நாளா படிக்க மட்டும்தான் செஞ்சேன். நீங்க எல்லாரும் ஞாயிறு போயிட்டு வந்ததைக் கேள்விப்பட்டதும் எனக்கும் ஆசை வந்துடுச்சு. ஆபீஸ்ல லீவு போட்டு, வீட்ல அம்மாவைக் கூட்டிட்டு இன்னிக்கு முட்டுக்காடு வந்தேன். கேட் சாத்தியிருக்கு. உள்ளே பூனை ஒண்ணு படுத்திருக்கு.


அகல்விளக்கு | அடுத்த செவ்வாய், காலை 11.41

ஐயோ தம்பி, எழுதியிருந்தேனே!


ஓரமாநின்னவன் | அடுத்த செவ்வாய், காலை 11.44

இப்பதான் மேல போய்ப் படிச்சேன். அம்மா எதிர்ல இளநீர் குடிச்சிட்டிருக்காங்க. திரும்புற வழியில சோழமண்டலம் இன்னிக்குத் திறந்திருக்குமா, யாராவது சீக்கிரம் சொல்லுங்க.


கிழக்குக்கரை | அடுத்த செவ்வாய், காலை 11.46

திறந்திருக்கு, இப்பதான் தாண்டி வந்தேன். வாசல்ல நிக்காதீங்க, நேரா உள்ளே போங்க.